உலர்த்தும் இயந்திரம் எண் 47

ஈஸ்வரிக்கு வாரியத்திலிருந்து வந்த முதல் கடிதம் ஒரு பாறையைப் பற்றியது.

'தங்கள் உற்பத்திக் கூடத்தில் உள்ள உலர்த்தும் இயந்திரத்தின் தயாரிப்பு ஆண்டு, குதிரைத்திறன், கடைசியாகப் பழுது பார்த்த தேதி ஆகியவற்றை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும். தவறினால் இயந்திரம் முடக்கப்படும்.'

உற்பத்திக் கூடம் என்பது ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாடு என்ற ஊரில் ஒரு தகரக் கொட்டகை. உலர்த்தும் இயந்திரம் என்பது கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும் கரும்பாறை. பத்து மாடு தாராளமாகப் படுக்கலாம். ஈஸ்வரி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு இயந்திரத்தின் மேலேயே உட்கார்ந்து, என்ன பதில் எழுதுவது என்று யோசித்தாள்.

இத்தனைக்கும் காரணம் இரண்டு நாடுகள் ஒன்றோடொன்று கைகுலுக்கியதுதான். அங்கிருந்து காகிதம் இங்கே வரும், இங்கிருந்து அட்டை அங்கே போகும் என்று ஒப்பந்தம். அதை நடத்திவைக்க 'இருநாட்டுக் காகித, அட்டை வணிக மேம்பாட்டு வாரியம்' என்று ஒன்று சென்னையில் பிறந்தது. அந்த இன்னொரு நாடு எது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. எல்லாக் கடிதத்திலும் 'நட்பு நாடு' என்றே இருந்தது. பெயரைச் சொன்னால் நட்பு கெட்டுவிடுமோ என்னவோ.

வாரியத்தில் உதவி அலுவலராக இருந்தவன் கோகுல்ராஜ். ஈஸ்வரியின் அண்ணன் மகன். அந்த ஊரிலிருந்து போய், சுழலும் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள். தை மாதம் ஜீப்பில் வந்து இறங்கியவன், சாமை வைக்கோலில் அட்டை செய்தால் நட்பு நாடு அள்ளிக்கொண்டு போகும் என்றான். ஈஸ்வரிக்கு அட்டை செய்யத் தெரியும். எப்போதோ ஒரு பயிற்சியில் கற்றுக்கொண்டு, ஆலங்காயத்துக் கடைகளுக்கு நோட்டு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். தெரியாதது வைக்கோலுக்கு எங்கே போவது என்பதுதான்.

ஏழு வீட்டு வைக்கோல் வேண்டும் என்றான் கோகுல்ராஜ்.

மலையில் வைக்கோல் என்றால் கோடைக்கு மாடுகளின் சோறு. மாசியில் புல் காய்ந்தால் ஆடி மழை வரை அதுதான். அதைக் கொடுத்துவிட்டால் மாடு எதைத் தின்னும்? சித்திரைக்குள் அட்டை கப்பல் ஏறிவிடும், வருகிற பணத்தில் கீழேயிருந்து லாரி லாரியாகத் தீவனம் இறக்கலாம் என்று அவன் வீடு வீடாகச் சொன்னான். ஆறு வீடு தலையாட்டியது. ஏழாவது வீடு அவனுடைய சொந்த வீடு. அவன் அம்மா சின்னக்குழந்தை மட்டும் வைக்கோல் போரில் சாய்ந்தபடி நின்றாள்.

"கப்பலு ஏறலன்னா? என் மாடு ரெண்டும் கப்பலத் தின்னாதுடா."

"நான் கீறேன்ல. பெத்த புள்ள பேச்ச நம்ப மாட்டியா?"

சின்னக்குழந்தை போரிலிருந்து விலகி நின்றாள்.

ஈஸ்வரி வேலையைத் தொடங்கினாள். வைக்கோலை வேகவைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வேகவைக்க விறகு வேண்டும், விறகுக்குக் காட்டில் கை வைக்கக் கூடாது. அதனால் ஓடைத் தண்ணீரில் ஊறவைத்து, உரலில் இடித்து, புளியங்கொட்டைப் பசையைக் கலந்து, சல்லடையில் பரப்பி எடுத்து, ஈரத்தோடு பாறையில் போட்டாள். நெருப்பு படாத அட்டை. அந்த வைக்கோலில் அங்கங்கே சாமை மணி இருக்கும். அதுவும் தெரிந்துதான் விட்டது. அங்கே யாரும் கதிரைக் கடைசி மணிவரை அடிக்க மாட்டார்கள். குருவிக்கு ஒரு பங்கு, மாட்டுக்கு ஒரு பங்கு. அதை விட்டுவிட்டுத்தான் களத்தைக் கூட்டுவார்கள்.

கடிதத்துக்குப் பின்னாலேயே ஆய்வாளர் ராஜேந்திரன் வந்துவிட்டார். பாறையைச் சுற்றி மூன்று முறை நடந்தார். எரிபொருள் என்ன என்று கேட்டார். ஈஸ்வரி மேலே கையைக் காட்டினாள். அவர் 'வெளியிலிருந்து பெறப்படுகிறது, தடையின்றி' என்று எழுதிக்கொண்டார். தயாரிப்பு ஆண்டு தெரியாது என்றதும் முகம் சுளித்தார். ஆவணமில்லாத பழைய இயந்திரம் ஆபத்தானது, எந்த நேரமும் வெடிக்கலாம் என்று எச்சரித்தார்.

இயந்திரம் என்று இருந்தால் எண் இருந்தாக வேண்டும். கொண்டுவந்த ஒட்டுவில்லை பாறையில் ஒட்டவில்லை. எனவே சந்தவாசலிலிருந்து கல்தச்சரை வரவழைத்து, பாறையின் நடுவில் கையகலத்துக்கு 47 என்று செதுக்கவைத்தார். மற்ற நாற்பத்தாறு எங்கே இருக்கிறது என்று ஈஸ்வரி கேட்டாள். அது தன் பிரிவில் வராது என்றார் ராஜேந்திரன்.

அதனால் வந்த வினை ஒன்றுதான். அந்த இடத்தில் காயும் அட்டையின் முதுகில் 47 புடைத்துக்கொண்டு நின்றது, இடம் வலம் மாறி.

"அட்டைக்கு அம்மை போட்டாப்பல கீது," என்றாள் சின்னக்குழந்தை, தடவிப் பார்த்து.

ஒதுக்கிவைக்கலாம் என்றால் நானூறு அட்டை தேறாது. அதையும் சேர்த்துக் கட்டினார்கள்.

அடுத்தது விண்ணப்பம். நானூறு அட்டையை வெளியே அனுப்ப ஆயிரத்து எண்ணூறு தாள் நிரப்ப வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவின்படி விண்ணப்பத் தாள் நட்பு நாட்டிலிருந்து இறக்குமதியானதாக இருக்க வேண்டும். அட்டை ஜீப்பில் ஒரே நடையில் இறங்கியது. விண்ணப்பம் இறங்க மூன்று நடை ஆனது. இன்னும் ஒரு அட்டைகூடப் போவதற்குள் இறக்குமதி இலக்கை எட்டிவிட்டோம் என்று வாரியம் ஈஸ்வரிக்கு ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதுவும் நட்பு நாட்டுத் தாளில்.

'பொருள் பிறந்த நாடு' என்ற கட்டத்தில் அவள் தன் ஊரை எழுதியிருந்தாள். நெல்லிவாசல்நாடு. அது திரும்பி வந்தது. 'ஒப்பந்தம் இரு நாடுகளுக்கு இடையிலானது. மூன்றாவது நாட்டுக்கு இதில் இடமில்லை.' கோகுல்ராஜ் அதைத் திருத்திக் கொடுத்தான். அத்தைக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா என்றான்.

பங்குனியில் அட்டை துறைமுகத்துக்குப் போனது. சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. துறைமுகக் கிடங்கின் கூரை ஒழுகியது.

ஐந்தாம் நாள் ஈஸ்வரிக்குத் தந்தி மொழியில் ஒரு கடிதம். 'தங்கள் அட்டை வளர்ந்துள்ளது. விளக்கம் தேவை. நேரில் வரவும்.'

மலையிறங்கி ஆலங்காயம். அங்கிருந்து பேருந்தில் வாணியம்பாடி. அங்கிருந்து ரயில். வாரியத்தின் இயக்குநர் வெற்றிச்செல்வனின் அறை, பாறையைவிடக் கொஞ்சம் பெரியது. மேசைமேல் ஒரு தட்டு, தட்டில் ஈஸ்வரியின் அட்டை. அதில் விரலளவு உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று சாமைப் பயிர்.

"அம்மா, இந்த வாரியத்தின் குறிக்கோளே வளர்ச்சிதான்," என்று தொடங்கினார் வெற்றிச்செல்வன். "சுவரைப் பாருங்கள், வரைபடம் மேலே மேலே போகிறது. ஆனால் எது வளர வேண்டும், எப்போது வளர வேண்டும் என்பதை நாங்கள் தீர்மானிப்போம். ஒரு பொருள் தன்னிச்சையாக வளர்ந்தால் அதற்குப் பெயர் வளர்ச்சி அல்ல, ஒழுங்கீனம்."

ஈஸ்வரி மணி விட்ட காரணத்தைச் சொன்னாள்.

"பங்கா? யாருக்கு?"

"குருவிக்குங்க. மாட்டுக்குங்க."

"ஒப்பந்தத்தில் குருவி ஒரு தரப்பு அல்ல," என்றார் அவர்.

அறையின் மூலையில் நின்ற கோகுல்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இயக்குநர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பயிரை ஒரு விரலால் தொட்டார். பிறகு, ஏதோ பொழுதுபோக்காகக் கேட்பதுபோல, உரம் எதுவும் போட்டாளா, வெறும் தண்ணீரே போதுமா, எத்தனை நாளில் முளைக்கும் என்று கேட்டார்.

"தண்ணி தெளிச்சா போதுங்க. நாலு நாளு."

அதுவரை எதையும் எழுதாதவர் பேனாவைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். எதற்கு எழுதுகிறார் என்று ஈஸ்வரி கேட்கவில்லை. பெரிய இடத்தில் கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டாள்.

உத்தரவு அன்றே கையில் கிடைத்தது. 'ஏற்றுமதி அட்டையில் உயிருள்ள எதுவும் இருக்கக் கூடாது. அட்டை எக்காரணம் கொண்டும் வளரக் கூடாது. வளர்ந்த அட்டைகள் அனைத்தும் எரித்து அழிக்கப்படும்.' ஈஸ்வரி ஆறு பிரதிகளில் கையெழுத்துப் போட்டாள். மீதி அட்டையையாவது திருப்பிக் கொடுங்கள், ஊறவைத்து மாட்டுக்காவது போடுகிறோம் என்று கேட்டுப் பார்த்தாள். ஏற்றுமதித் தரமுள்ள பொருளை உள்நாட்டு மாடு தின்பதற்கு விதியில் வழியில்லை என்றார்கள்.

வைகாசி இரண்டாம் தேதி, காலை பதினொன்று இருபதுக்கு ஜீப் வந்தது. கோகுல்ராஜ் மட்டும் இறங்கினான். கையில் அரக்கு முத்திரை வைத்த உறை. அம்மா போட்ட சோற்றைத் தொடவில்லை.

"எரிச்சிட்டாங்கம்மா. நானே பக்கத்துல நின்னு பார்த்தேன், அத்த. என் கண்ணால பார்த்தேன். ஒண்ணுகூட மிச்சமில்ல."

சொல்லும்போதே அழுதுவிட்டான். அவனைத் தேற்றுவதே அந்த வீட்டில் பெரிய வேலையாகப் போயிற்று. உறைக்குள் சாம்பல் இருந்தது. அழிக்கப்பட்ட பொருளின் சாம்பலை உற்பத்தியாளரிடம் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும் என்பது விதி. மூன்று பிரதிகள். கோகுல்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினான்.

சின்னக்குழந்தை அந்தச் சாம்பலைச் சாமி மாடத்தில் கொட்டாங்கச்சியில் போட்டுவைத்தாள். ஏழு வீட்டு வைக்கோல் அது. குப்பையில் கொட்ட மனசு வரவில்லை. காலையில் குளித்ததும் அதில்தான் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

அதற்குப்பின் மாடுகள் இறங்கின. தரகர்களுக்குத் தீவனம் இல்லாத ஊரின் வாசனை தெரியும். கேட்ட விலையில் பாதிதான். முதலில் ஈஸ்வரியின் பசு. அடுத்து மற்ற ஐந்து வீட்டு மாடுகள். கடைசியில் சின்னக்குழந்தையின் எருதுகள் இரண்டும். வலத்து மாடு சரிவில் இறங்க மறுத்து நின்றது. சின்னக்குழந்தையே போய் முன்னால் நடந்தாள். அது அவள் பின்னாலேயே இறங்கியது. தார்ச்சாலைவரை நடந்து, கயிற்றைத் தரகன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

ஆடியில் ஏழு வீட்டுக்காரர்களும் மண்வெட்டியால் கொத்தித்தான் சாமை விதைத்தார்கள்.

புரட்டாசியில் மறுபடியும் வாரியம் மலையேறியது. இந்த முறை ஆறு ஜீப். நட்பு நாட்டின் அதிசயப் பொருள் ஒன்றை மலைமக்களுக்கு அறிமுகம் செய்யும் விழா. ஊரில் சமதளம் என்று இருப்பது பாறை ஒன்றுதான். அதன்மேல் பந்தல் போட்டு, சிவப்புக் கம்பளம் விரித்து, மேடையாக்கிவிட்டார்கள். வரவேற்புப் பதாகையில் 'இரு நாடுகள், ஒரே இதயம்' என்று இருந்தது. விழாவுக்கு ஒரு பசுமாடும் தேவை, படம் பிடிக்க வேண்டும் என்றார்கள். ஊரில் மாடு இல்லை. கீழிருந்து வாடகைக்கு ஒன்றைக் கொண்டுவந்து கட்டினார்கள்.

வெற்றிச்செல்வன் மேடையேறினார். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு அட்டை. அட்டையில் பச்சைப் பயிர்.

"இதன் பெயர் உயிர் அட்டை," என்றார் அவர். "நட்பு நாட்டு விஞ்ஞானிகளின் பல்லாண்டு உழைப்பு. இதில் பொருள் வைத்து அனுப்பலாம். வேலை முடிந்ததும் மண்ணில் போட்டுத் தண்ணீர் தெளித்தால் நாலே நாளில் முளைக்கும். நம்மவர்கள் அட்டை செய்தார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அட்டைக்கு உயிர் கொடுக்கும் சிந்தனை நமக்கு ஏன் வரவில்லை? அதை வெளிநாட்டிலிருந்து வாங்கித்தானே ஆக வேண்டியிருக்கிறது? அதற்காகத்தான் ஐயா இந்த வாரியமே இருக்கிறது."

வாரிய ஊழியர்கள் கைதட்டினார்கள். ஏழு வீட்டுப் பெண்களும் வரிசையில் நின்று ஆளுக்கொரு உயிர் அட்டையைப் பரிசாக வாங்கினார்கள். கோகுல்ராஜ்தான் எடுத்துக் கொடுத்தான். அத்தைக்குக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

சின்னக்குழந்தை தன் கையிலிருந்த அட்டையின் பயிரைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

"ஈஸ்வரி, இது சாமைடி."

ஈஸ்வரி தன்னுடையதைத் திருப்பினாள். பளபளப்பான ஒரு வெளிநாட்டு முத்திரை ஒட்டியிருந்தது. நகத்தால் கீறி உரித்தாள். அடியில் 47. புடைத்து, இடம் வலம் மாறி.

அவள் நேராக மேடைக்குப் போனாள். இயக்குநரின் காலடியில் குனிந்து கம்பளத்தின் ஓரத்தைச் சுருட்டினாள். அவர் ஆசி கேட்கிறாள் என்று நினைத்துக் கையைத் தூக்கினார். பாறையில் செதுக்கியிருந்த எண்ணின்மேல் அவள் அட்டையை வைத்தாள். பூட்டில் சாவி நுழைவதுபோல எண் எண்ணுக்குள் உட்கார்ந்தது. அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

ஆய்வாளர் ராஜேந்திரன் பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்தார். "எண் பொருந்துதுங்க சார்," என்று சொல்லிவிட்டு, யார் கேட்டது என்று யோசித்து வாயை மூடிக்கொண்டார்.

வெற்றிச்செல்வன் தடுமாறவில்லை. அந்தப் பதவிக்கு அவரை எடுத்ததே அதனால்தான். ஒலிபெருக்கியை நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

"பெரியோர்களே, இந்த அம்மாவின் அட்டை வைகாசியிலேயே எரிக்கப்பட்டுவிட்டது. அதற்கு அவரே ஆறு பிரதிகளில் கையெழுத்திட்டிருக்கிறார். சாம்பலும் பெற்றிருக்கிறார். எரிந்துபோன ஒரு பொருள் இங்கே இருக்க முடியாது. ஆகவே இது அது அல்ல. போகும்போது அது கழிவுப் பொருளின் மாதிரி என்ற பெயரில் போனது. வரும்போது தொழில்நுட்பம் என்று வந்திருக்கிறது. ஒரே பொருள் இரண்டு முறை கடலைக் கடந்தால் இரு நாட்டு வணிகம் இரு மடங்கு. இதைவிட இந்த ஊருக்கு என்ன பெருமை வேண்டும்?"

என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஊழியர்களுக்கும் தெரியவில்லை. மறுபடியும் கைதட்டினார்கள்.

சின்னக்குழந்தை கைதட்டல் முடியும்வரை காத்திருந்தாள். பிறகு மேடைக்குக் கீழே நின்ற மகனிடம் வந்தாள்.

"அப்போ அந்தச் சாம்பலு ஏதுடா?"

கோகுல்ராஜ் தாழ்ந்த குரலில், மேடை இருக்கிறது, அப்புறம் பேசலாம் என்றான். அவள் நகரவில்லை. உறையைக் கையில் கொடுத்து இப்படிச் சொல்லச் சொன்னார்கள், சொல்லாவிட்டால் வேலை போயிருக்கும் என்றான். அவள் அதைக் கேட்கவில்லை. கேட்டதையே மறுபடி கேட்டாள்.

"கேன்டீன் அடுப்புதும்மா."

"அஞ்சு மாசமா நெத்தியில வச்சிகினு கீறேன்டா," என்றாள் சின்னக்குழந்தை.

அவ்வளவுதான். அடிக்கவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். விழாவில் அடுத்த நிகழ்ச்சி தேசிய கீதம். இரண்டு நாட்டுக் கீதமும் போட வேண்டும். நட்பு நாட்டுக் கீதம் எது என்று யாருக்கும் தெரியாததால் நம்முடையதையே இரண்டு முறை போட்டார்கள்.

ஈஸ்வரி புகார் எழுதினாள். 'எரிக்கப்பட்ட பொருளைப் பற்றிய புகார் ஏற்பதற்கில்லை' என்று பதில் வந்தது. அதே உறையில் இன்னொரு கடிதமும் இருந்தது. நட்பு நாட்டு நிறுவனத்துக்கு உயிர் அட்டை செய்ய வைக்கோல் வேண்டுமாம். அட்டையாக வேண்டாம். வைக்கோலாகவே போதும். 'ஜவ்வாது மலைச் சாமை வைக்கோல், வழக்கமான முறையில் அடித்தது.'

ஏழு வீட்டுப் பெண்களும் பாறைமேல் கூடினார்கள். கொடுக்கக் கூடாது என்றாள் ஒருத்தி. கொடுக்காமல் வைத்துக்கொண்டு என்ன செய்ய, தின்ன மாடு எங்கே என்றாள் இன்னொருத்தி. ஈஸ்வரி சித்திரையில் வாங்கிவந்த பழைய உத்தரவை மடியிலிருந்து எடுத்து, இன்னொரு முறை உரக்கப் படித்தாள். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

மார்கழியில் கதிர் அடித்தார்கள். அந்த மலையில் யாரும் அதுவரை பார்க்காத மாதிரி அடித்தார்கள். ஒரு முறை அடித்து, உதறி, மறுபடி அடித்து, திருப்பிப் போட்டு மூன்றாவது முறையும் அடித்தார்கள். களத்து ஓரத்தில் வந்து உட்கார்ந்த குருவிகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன. லாரி ஏறிய வைக்கோலில் ஒரு மணி இல்லை.

பங்குனியில் கோகுல்ராஜ் வந்தான். இந்த முறை ஜீப் தரவில்லை போலிருக்கிறது, ஷேர் ஆட்டோவில் வந்து நடந்து ஏறினான். நட்பு நாட்டில் எட்டாயிரம் அட்டை செய்து, பெரிய கண்காட்சியில் எல்லார் முன்னாலும் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். நாலு நாள் ஆகியும், பத்து நாள் ஆகியும் முளைக்கவில்லையாம். அட்டை நாறியதுதான் மிச்சம். 'பொருள் வளராததற்கு விளக்கம் தேவை' என்ற கடிதத்தை அம்மா வீட்டிலேயே அத்தையிடம் கொடுத்தான்.

ஈஸ்வரி தன் வீட்டுக்குப் போய், பழைய உத்தரவின் நகலை எடுத்து வந்தாள். அட்டையில் உயிருள்ள எதுவும் இருக்கக் கூடாது, எக்காரணம் கொண்டும் வளரக் கூடாது. வாரியத்தின் முத்திரை, இயக்குநரின் கையெழுத்து. விளக்கம் அதில் இருக்கிறது என்றாள்.

கோகுல்ராஜ் அதை வாங்கிப் பைக்குள் வைத்தான். வியர்த்திருந்தது. அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, முறத்திலிருந்த சாமையைப் பாறைமேல் இறைக்கப் போனாள். குருவிகள் காத்திருந்தன. அவள் திரும்பி வந்தபோது, சுவரோரம் இருந்த மண்பானையின் மூடியை அவன் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்துவரை சாமை.

குருவிக்குப் போட இது ஒரு வருஷத்துக்கு வருமே என்றான், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"குருவிது வேற. இது மாட்டோட பங்கு."

சாமி மாடத்தில் கொட்டாங்கச்சி இல்லை. காலியாகக் கிடந்த மாட்டுக்கொட்டில் பக்கம் அவன் திரும்பவில்லை. பானையை மூடிவிட்டு, பையிலிருந்து ரசீதை எடுத்து அத்தையிடம் நீட்டினான். கடிதம் பெற்றுக்கொண்டதற்கு. மூன்று பிரதிகள்.